மழை வர்றாங்க

ஏப்ரல் 6

அன்புள்ள அத்தைக்கு,

நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அச்சகத்தில் மாடிப்படி ஏறாதீர்கள். புரூஃப் கட்டைக் கீழே கொண்டுவந்து தரச் சொல்லுங்கள், தருவார்கள்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் உங்கள் நினைப்புதான். உங்கள் பிள்ளை தவறிய பிறகு அந்த வீட்டில் இருந்ததே நாம் இரண்டு பேர். இப்போது உங்களைத் தனியாக விட்டுவிட்டு டிரான்ஸ்பர் வாங்கி வந்திருக்கிறேன். "போய்ட்டு வா. ரெண்டு பேரும் உக்காந்து அவன் போட்டோவையே பாத்துக்கிட்டிருந்தா அவனுக்கே அலுத்துடும்" என்று நீங்கள் சொல்லாவிட்டால் வந்திருக்கமாட்டேன்.

ஆஸ்பத்திரி ஆற்றங்கரையில் இருக்கிறது. தகரக் கூரை, சில கட்டில்கள், டாக்டரம்மா, நர்ஸாக நான். டாக்டரம்மாவுக்குக் கோபம் சீக்கிரம் வரும், சிரிப்பு அதைவிடச் சீக்கிரம் வரும். அக்கரையில் இருக்கிற ஊர்களுக்கு ஆஸ்பத்திரி லாஞ்சில், மோட்டார் படகுதான், போய்த் தடுப்பூசி போட்டு, கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு வர வேண்டும். வெயிலில் ஆறு வற்றிக் கிடக்கிறது. ஊசி மருந்துப் பெட்டியில் ஐஸ் போட்டால் பாதி ஆறு தாண்டுவதற்குள் தண்ணீர்.

லாஞ்சு ஓட்டுபவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் எஞ்சினுக்கு மரியாதை கொடுக்கிறார். "இன்னிக்கு அவங்களுக்கு மனசு சரியில்லைங்க" என்றார். யாருக்கு என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். எஞ்சினுக்காம்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் மருமகள்,
சிட்டு


ஏப்ரல் 19

சிட்டுக்கு அத்தை எழுதுவது.

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. மாத்திரை போடுகிறேன். நீ சாப்பிடுகிறாயா என்று உன் அடுத்த கடிதத்தில் முதல் வரியில் எழுது, கடைசி வரியில் எழுதினால் நம்பமாட்டேன்.

உன் கடிதத்தில் ஒற்றுப்பிழை நிறைய. சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தேன், தபால்காரர் சிரிப்பார். இங்கே பள்ளிக்கூடப் பூகோளப் புத்தகம் புரூஃபுக்கு வந்திருக்கிறது. ஒரு பாடம் முழுக்க "மலை பெய்யும், மலை பெய்யும்" என்று அடித்து வைத்திருக்கிறார்கள். மலை பெய்தால் யார் உயிரோடு இருப்பது? உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வருஷமாக நீ பேசியதெல்லாம் ஊசி, மருந்து, டியூட்டி. இந்தக் கடிதத்தில் ஒரு எஞ்சினைப் பற்றிச் சிரிக்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். இரண்டு தடவை படித்தேன்.

சாயந்தரம் டீ போடும்போது இன்னமும் பழையபடி இரண்டு டம்ளர் எடுத்துவிடுகிறேன். அது பழக்கம். நீ அதற்காக வருத்தப்பட வேண்டாம்.

அத்தை


மே 8

அன்புள்ள அத்தைக்கு,

நன்றாகச் சாப்பிடுகிறேன். முதல் வரி, பாருங்கள். உங்களுக்கு வெயில் ஒத்துக்கொள்கிறதா? அச்சகத்தில் மின்விசிறியைச் சரிசெய்தார்களா?

இங்கே எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். கிணறுகளில் சேறு. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு, நல்ல தண்ணீர் இல்லாததால். மேகம் திரண்டு வருகிறது, வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டுக் கலைந்துபோகிறது.

நடு ஆற்றில் லாஞ்சு மணலில் தட்டிவிடும். நாங்கள் இறங்கித் தள்ளுவோம். நேற்று இரண்டு இடத்தில் தட்டியது. கரைக்கு வந்ததும் மூச்சு வாங்க உட்கார்ந்து டீ குடித்தோம். இந்த ஆறு மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர், "இப்ப நாம உக்காந்திருக்கிற இடத்துல லாஞ்சு நிக்குங்க" என்றார். நம்பவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்தது ஆஸ்பத்திரிப் படிக்கட்டின் நடுவில். அப்புறம் டம்ளரைக் கழுவத் தண்ணீர் தேடி அவ்வளவு தூரம் மணலில் நடந்தோம், அதை நினைத்துச் சிரித்தோம்.

பூகோளப் புத்தகம் முடிந்ததா? கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள்.

சிட்டு


மே 20

சிட்டுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை.

முப்பது வருஷமாகப் பிழை பார்க்கிறவள் நான். உன் கடிதத்தில் ஒரு சொல் கண்ணில் தட்டிக்கொண்டே இருக்கிறது. "நாங்கள்." நாங்கள் தள்ளுவோம். நாங்கள் உட்கார்ந்திருந்தோம். குடித்தோம், நடந்தோம், சிரித்தோம்.

அவன் இருந்தபோது நீ எனக்கு எழுதிய கடிதங்களில் இந்தச் சொல் இருக்கும். அப்புறம் இல்லை. "நான் போனேன், நான் வந்தேன்" என்றுதான் பேசினாய், எழுதினாய். "நாம்" என்று சொல்லும்போது அதில் நான் உண்டு. "நாங்கள்" என்று எழுதும்போது அதில் நான் இல்லை. அதனால் கேட்கிறேன், அந்த நாங்களில் யார்?

பிழை என்றால் திருத்திக்கொள்கிறேன். பிழை இல்லை என்றால் சொல்.

இங்கே ஒரு சொட்டு மழை கிடையாது.

அத்தை


ஜூன் 3

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

அக்கரையில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது என்று தகவல் வந்தது. மத்தியானம் லாஞ்சில் கிளம்பினேன். நடு ஆற்றில் காற்று நின்றுபோனது. ஒரு இலை அசையவில்லை, ஒரு பறவை கத்தவில்லை. வெயில் இருக்கும்போதே வெளிச்சம் மங்கி, எல்லாம் பித்தளை நிறமாகிவிட்டது. லாஞ்சு ஓட்டுபவர் எஞ்சினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"வர்றாங்க" என்றார்.

"யாரு?"

"மழைங்க."

முதலில் சத்தம்தான் வந்தது. ஆயிரம் பேர் சருகு மேல் நடந்து வருகிற மாதிரி. அப்புறம் ஆற்றின் வளைவில் வெள்ளையாக ஒன்று எழுந்தது. சுவர் என்றுதான் நினைத்தேன். அது நகர்ந்தது. அதற்குப் பின்னால் மரங்கள் இல்லை, கரை இல்லை, வானம் இல்லை. அத்தை, கோடு கிழித்த மாதிரி ஆறு இரண்டாக இருந்தது. அந்தப் பாதி கொதித்துக்கொண்டிருந்தது. இந்தப் பாதி கண்ணாடி மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோடு லாஞ்சை நோக்கி வந்தது. எனக்குப் பயம் வரவில்லை. கும்பிடத்தான் தோன்றியது, கை எழவில்லை.

துளி என்று சொல்ல முடியாது. மேலே வந்து விழுந்தது. மூச்சுக்கு வாயைத் திறந்தால் தண்ணீர். எப்படியோ லாஞ்சைத் தள்ளிக் கரையேற்றினேன். ஓடினேன்.

அந்த வீட்டுக்கும் தகரக் கூரைதான். உள்ளே போனதும் காது அடைத்துவிட்டது. அந்தப் பெண்ணின் வாய் அசைவது தெரிகிறது, அலறுவது கேட்கவில்லை. கையால்தான் பேசினேன். மூச்சை இழு, விடு, இப்போது முக்கு, எல்லாம் கையால். கதவு காற்றில் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. லாஞ்சு ஓட்டுபவர் வாசலில் தார்ப்பாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, முதுகை உள்பக்கம் காட்டி நின்றார். பிரசவம் முடியும்வரை ஒருதடவைகூடத் திரும்பவில்லை. மழை முழுவதையும் முன்பக்கத்தில் வாங்கிக்கொண்டு நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை இறங்கவில்லை.

பெண் குழந்தை. முதுகைத் தேய்த்தேன். வாய் திறந்தது, முகம் சிவந்தது. சத்தம் இல்லை. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நெஞ்சில் காதை வைத்தேன். உள்ளே அழுகை அதிர்ந்துகொண்டிருந்தது. காதுக்குக் கேட்கவில்லை அத்தை, கன்னத்துக்குக் கேட்டது. "அழுதுச்சா?" என்று அந்தப் பெண் கையால் கேட்டாள். தலையை ஆட்டி, குழந்தையை எடுத்து அவள் நெஞ்சில் வைத்தேன். அவளும் கன்னத்தால் கேட்டாள்.

மறுநாள் காலையில் பார்த்தால் லாஞ்சு தட்டுகிற மணல்திட்டைக் காணவில்லை. மண் முழுக்கத் தவளை. எங்கே இருந்தன இத்தனை நாளும்?

இதைச் சொல்ல எனக்கு உங்களைத் தவிர யாரும் இல்லை.

சிட்டு


ஜூன் 16

சிட்டுக்கு,

நலம். உன் நலமும் தெரிந்துகொண்டேன்.

உன் மழையை அச்சகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மெஷின் ஓட்டுகிறவர்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் ஒன்று. போன கடிதத்தில் எங்கு பார்த்தாலும் "நாங்கள்". இந்தக் கடிதத்தில் தேடினாலும் கிடைக்கவில்லை. "லாஞ்சைத் தள்ளிக் கரையேற்றினேன்" என்று எழுதியிருக்கிறாய். ஒரு லாஞ்சை ஒருத்தியால் தள்ள முடியுமா? நீ இருக்கிற இருப்புக்கு ஒரு சைக்கிளைத் தள்ளமாட்டாய். ஒரு நனைந்த முதுகைப் பற்றி மட்டும் அத்தனை வரி.

கேட்டேன், பதில் இல்லை. நான் கேட்டதே தப்பாக இருக்கலாம். நான் அவனைப் பெற்றவள். என்னிடம் எப்படிச் சொல்வாய்?

அச்சகத்தில் வேலை அதிகம். கொஞ்ச நாளைக்குக் கடிதம் எதிர்பார்க்காதே.

அத்தை


ஜூலை 2

அன்புள்ள அத்தைக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வேலை அதிகம் என்று எழுதியிருந்தீர்கள், தெரியும். இருந்தாலும் தபால் பை வரும் நாளில் வாசலுக்குப் போய்விடுகிறேன்.

மழை விடவே இல்லை. சுவரில் பாசி. துணி காய்வதில்லை, ஈரச் சேலையை உடம்புச் சூட்டில் காயவைத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. நேற்று லாஞ்சை நடுப்படியில் கட்டினார்கள். ஒரு பெரிய மரம் வேரோடு, அதன் மேல் ஒரு கொக்கு உட்கார்ந்தபடி, மெதுவாக மிதந்து போனது. வார்டில் இருந்த எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

நீங்கள் கேட்டதற்கு எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கோபம் இருந்தால் கோபமாகவாவது நாலு வரி எழுதுங்கள்.

சிட்டு


ஜூலை 11

அத்தை,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். கேட்கிறேன்.

மரம் விழுந்து கால் நசுங்கிய ஒருவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சாலை அறுந்துவிட்டது. லாஞ்சுதான் வழி. "இந்தத் தண்ணியில வேண்டாம்" என்று டாக்டரம்மா சொன்னார். "விட்டா காலு போயிடும்ங்க, ஆளும் போயிடுவாரு" என்று லாஞ்சு ஓட்டுபவர் சொல்லிவிட்டு, அடிபட்டவரையும் அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வருகிறேன் என்றேன். "இங்கயும் ஆள் வேணும்ங்க" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

முந்தாநாள் திரும்பியிருக்க வேண்டும். போனும் செத்துவிட்டது. இரண்டு கரையும் தெரியவில்லை. ஆறு பழுப்பாக, முதுகு வளைந்து, ஒரு மிருகம் மாதிரி போகிறது. அழகாக இருக்கிறது அத்தை. அதுதான் தாங்க முடியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். வார்டுக்குப் போகிறேன், ஊசி போடுகிறேன், மறுபடி வந்து நிற்கிறேன். இன்னொரு தடவை என்னால்


ஆகஸ்ட் 14

சிட்டுக்கு அத்தை எழுதுவது.

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். உன் கண்ணுக்குக் கீழே கருவளையம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். டாக்டரம்மாவுக்கு என் வணக்கம். லாஞ்சு ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல் முழுக்க விட்டுவிட்டதா?

அங்கே வந்து உன் பக்கத்திலேயே இத்தனை நாள் இருந்தும் வாயைத் திறந்து சொல்லாமல் வந்துவிட்டேன். எழுத்தில்தான் எனக்கு வரும்.

பாதி வரியில் விட்டு நீ அப்படியே தபாலில் போட்ட கடிதம், மை கரைந்து, வெகுநாள் கழித்துத்தான் வந்தது. அதில் எழுதியிருந்ததைவிட எழுத்துதான் என்னைக் கிளப்பியது. என் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ எனக்குக் கொடுத்தனுப்பிய சீட்டிலும் இதே எழுத்து, இதே மாதிரி கீழே சரிந்துபோகும். அன்றைக்கே லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். சாலை அறுந்த இடத்தில் டிராக்டரில் ஏற்றினார்கள். டிராக்டர் நின்ற இடத்தில் நடந்தேன். உனக்காகத்தான் வந்தேன். ஆனால் வழியெல்லாம் எரிச்சல். என் பிள்ளைக்கு அழுத கண்ணால் இன்னொருவனுக்கு அழுவாளா என்று. அதையும் சேர்த்துத்தான் சுமந்துகொண்டு வந்தேன்.

நான் வந்தபோது லாஞ்சு திரும்பியிருந்தது. மூழ்கின தோப்பில் ஒரு மர உச்சியில் லாஞ்சைக் கட்டி, தண்ணீர் இறங்குகிறவரை அடிபட்டவரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாராம். மீன்பிடிக்கிற படகு பார்த்துக் கூட்டிவந்ததாம். அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார். லாஞ்சு ஓட்டியவர் மார்ச்சளியோடு வார்டில் படுத்துக் கிடந்தார். நீ அவர் கட்டிலைத் தாண்டும்போது மட்டும் நடையை மெதுவாக்கினாய். நான் பார்க்காத மாதிரி பார்த்தேன்.

ஒருநாள் மத்தியானம், நீ பிரசவ அறையில் இருந்தாய். நான் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவது என்று வாயெடுத்தேன். அப்போது மழை வந்தது. நீ எழுதிய மழை. நான் அறுபது வருஷமாகப் பார்த்ததெல்லாம் மழையே இல்லை. கூரை இடிந்துவிட்டது என்று நினைத்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

எழுந்து பின்வாசலுக்குப் போனேன். ஆறும் வானமும் ஒன்றாகிக் கிடந்தன. எவ்வளவு பெரிது. அதற்கு முன்னால் நின்றபோது நான் யார், என் வயது என்ன, எதுவும் இல்லாமல் போய்விட்டது. அப்படியே வாய்விட்டு அழுதேன். என் பிள்ளை பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவன் போன அன்றிலிருந்து நான் சத்தம் போட்டு அழுததில்லை. நம் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார்கள், இந்தப் பக்கம் நீ இருந்தாய். அங்கே கத்தினேன். ஒருவருக்கும் கேட்கவில்லை.

திரும்பினால் கதவு திறந்திருந்தது. கட்டிலிலிருந்து அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கிட்டே வந்து ஆறுதல் சொல்லவும் இல்லை. படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். இருமல் பிய்த்து எடுக்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரோ பெரியவர் உள்ளே வந்தால் எழுந்திருப்போமே, அந்த மாதிரி. நான் அழுது முடிக்கும்வரை சாயவில்லை.

என் பிள்ளை வந்திருந்தால் அவனுக்கும் அந்த மனிதர் எழுந்திருப்பார். எனக்கு அது போதும். இனி நான் உன்னை ஒன்றும் கேட்கமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தை


ஆகஸ்ட் 30

அன்புள்ள அத்தைக்கு,

பயணக் களைப்பு தீர்ந்ததா? கால் வீக்கம் வடிந்ததா? இங்கே எல்லோரும் உங்களை விசாரிக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். என்ன எழுதினாலும் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

அக்டோபரில் பதிவு அலுவலகத்தில் நாள் கேட்டிருக்கிறோம். கேட்டிருக்கிறோம் என்றுதான் எழுதியிருக்கிறேன், திருத்த வேண்டாம். டாக்டரம்மா ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி என் பக்கத்திலிருந்து வேண்டும். "அவங்க வந்தாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்" என்று இவர் சொல்கிறார். இந்தத் தடவை அவங்க என்றது எஞ்சினை இல்லை.

வருவீர்களா?

சிட்டு


நவம்பர் 3

சிட்டுக்கும் மாப்பிள்ளைக்கும் அத்தை எழுதுவது.

சுகமாக வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் ஒருவழியாகத் தூறுகிறது. உங்கள் ஊரைப் பார்த்த பிறகு இதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

பதிவு அலுவலகத்தில் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. லாஞ்சைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று போனவரைத் தேடி நீ வெளியே போயிருந்தாய். குமாஸ்தா என்னைக் கூப்பிட்டார். "சாட்சி நீங்களாம்மா? பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

"மாமியார்."

எழுதிக்கொண்டே, "அப்ப மாப்பிள்ளையோட அம்மா" என்றார்.

"இல்லைங்க."

பேனாவை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மாமியார்னா மாப்பிள்ளைக்கு அம்மாதானேம்மா?"

"என் பிள்ளைதான் இவளோட முதல் புருஷன். அவன் இல்லை. நான் இருக்கேன்."

அவர் என்னையே பார்த்தார். "அம்மான்னு போட்டுடட்டுமா? இல்ல, உறவினர்னு? யாரும் கேக்கமாட்டாங்க" என்று மெதுவாகச் சொன்னார். நல்ல மனிதர். எனக்காகத்தான் சொன்னார்.

"வேண்டாம். மாமியார்னே போடுங்க" என்றேன். போட்டார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். மழை விட்டிருந்தது. அந்த ஆறு கரை தொட்டு நிறைந்து, அவ்வளவு பெரிய தண்ணீர், ஒரு சத்தம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. வெயில் மேலே விழுந்து எங்கு பார்த்தாலும் கண் கூசியது. நீங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று என்னைத் தேடினீர்கள். தெரிந்தது. கூப்பிட்டிருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று அங்கேயே நின்றுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தை